டகோட்டா: கதையும் கணக்கும்

நம் பக்கத்தில் டகோட்டா என்று பெயர் பெற்ற டக்ளஸ் டிசி-3 விமானத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் பலர், உலகின் முதல் நவீனப் பயணிகள் விமானம் இதுதான் என்று அடித்துச் சொல்வார்கள். அந்தப் பட்டம் உண்மையில் போயிங் 247-க்குச் சேர வேண்டியது. 1933 பிப்ரவரியிலேயே அது பறந்துவிட்டது. முழுக்க உலோக உடல், உள்ளிழுத்துக்கொள்ளும் சக்கரங்கள், இரண்டு எஞ்சின்கள், பத்துப் பயணிகளுக்கு இருக்கை. டிசி-3 வானேறியது அதற்கு ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் கழித்து.

முந்திக்கொண்ட போயிங் ஏன் பின்தங்கியது என்பது சுவையான கதை. முதலில் செய்யும் 60 விமானங்களும் தன் சகோதர விமான சேவை நிறுவனமான யுனைடெட்டுக்கே என்று போயிங் ஒதுக்கிவிட்டது. போட்டி நிறுவனமான டிடபிள்யூஏ வரிசையில் நின்று காத்திருக்க வேண்டிய நிலை. காத்திருக்கவோ அதற்கு நேரமில்லை. 1931 மார்ச்சில் கான்சாஸ் மாநிலத்தில் அதன் ஃபோக்கர் விமானம் ஒன்று இறக்கை முறிந்து விழுந்தது. மர இறக்கை, ஈரம் ஏறி உள்ளே பசை விட்டுப்போயிருந்தது. இறந்த எட்டுப் பேரில் ஒருவர் புகழ்பெற்ற அமெரிக்கன் ஃபுட்பால் பயிற்சியாளர் நூட் ராக்னி. நாடே அதிர்ந்தது. மர இறக்கை விமானங்களில் ஏற மக்கள் பயந்தார்கள்.

1932 ஆகஸ்டில் டிடபிள்யூஏ-வின் ஜாக் ஃப்ரை விமானம் செய்யும் நிறுவனங்களுக்கு ஒரு சிறு கடிதம் எழுதினார். உலோக உடல், மூன்று எஞ்சின்கள், குறைந்தது 12 பயணிகள். செய்து தர முடியுமா? இரண்டு எஞ்சின்களே போதும் என்றது டக்ளஸ். அப்படியானால் எங்கள் தடத்தில் உள்ள எந்த நிலையத்திலிருந்தும் ஒற்றை எஞ்சினில் மேலெழும்ப வேண்டும் என்ற கடுமையான நிபந்தனை வந்தது; அதை வற்புறுத்தியவர் நிறுவனத்தின் ஆலோசகராக இருந்த சார்லஸ் லிண்ட்பெர்க். 1933 ஜூலை 1 அன்று பறந்த டிசி-1 அந்தச் சோதனையில் தேறியது. அரிசோனாவின் மேட்டு நிலத்திலுள்ள வின்ஸ்லோவில் புறப்படும்போதே ஒரு எஞ்சினை அணைத்துவிட்டு, ஆல்பகர்க்கி வரை போய் இறங்கினார்கள். டிசி-1 ஒன்றே ஒன்றுதான் செய்யப்பட்டது. அதைச் சற்று நீட்டி 14 இருக்கையோடு வந்தது டிசி-2. போயிங் 247-இல் இறக்கையின் முதன்மை உத்தரம் பயணிகள் அறையின் குறுக்கே ஓடும். நடைபாதையில் அதைத் தாண்டித்தான் போக வேண்டும். டக்ளஸ் விமானத்தில் இறக்கை தரைக்கு அடியில் போய்விட்டது. மொத்தம் 75 விமானங்களோடு 247-இன் கதை முடிந்தது. சொந்த வீட்டுக்கென்று பொருளைப் பதுக்கியதால் வெளிவாசலில் எதிரியை வளர்த்த வியாபாரம் இது என்றே எனக்குத் தோன்றுகிறது.

அடுத்த நம்பிக்கை இன்னும் பரவலானது: டகோட்டா போருக்காகப் பிறந்த விமானம், பிறகுதான் பயணிகளை ஏற்றியது என்பது. ராணுவ உடையில் அதைப் பார்த்துப் பழகிய தலைமுறை அப்படி நினைத்ததில் வியப்பில்லை. ஆனால் அது பிறந்தது படுத்துத் தூங்கிப் பயணம் செய்வதற்காக. அமெரிக்கன் ஏர்லைன்ஸ் தலைவர் சி.ஆர். ஸ்மித்திடம் அப்போது படுக்கை வசதிக்கு இருந்தவை கர்ட்டிஸ் காண்டர் என்ற இரட்டைத்தட்டு இறக்கை விமானங்கள். டிசி-2-ஐ அகலமாக்கிப் படுக்கை போட்டுத் தாருங்கள் என்று டொனால்ட் டக்ளஸிடம் கேட்டார். டிசி-2 நன்றாக விற்றுக்கொண்டிருந்ததால் டக்ளஸ் தயங்கினார். இருபது வாங்குகிறேன் என்று ஸ்மித் உறுதி சொன்ன பிறகே வேலை தொடங்கியது. ஆர்தர் ரேமண்ட் தலைமையிலான குழு உடலை 26 அங்குலம் அகலப்படுத்தியது. இரவுப் பயண வகையில் 14 படுக்கை, பகல் பயண வகையில் 21 இருக்கை. ரைட் சகோதரர்கள் பறந்த நாளின் 32-ஆம் ஆண்டு நிறைவான 1935 டிசம்பர் 17 அன்று, கலிபோர்னியாவின் சாண்டா மோனிகாவில் அது முதன்முதலாகப் பறந்தது.

படுக்கையைவிடப் பெரிய சாதனை அந்த 21 இருக்கைகள். அதுவரை அமெரிக்க விமான நிறுவனங்கள் உயிர் வாழ்ந்தது அரசின் தபால் ஒப்பந்தப் பணத்தில். பயணி என்பவர் தபால் மூட்டைக்குப் பக்கத்தில் கிடைத்த உபரி வருமானம், அவ்வளவே. 1934 பிப்ரவரியில் முறைகேட்டுப் புகாரின் பேரில் அந்த ஒப்பந்தங்களை அதிபர் ரூஸ்வெல்ட் ரத்து செய்தார். அதே ஆண்டு வந்த புதிய சட்டம் தபால் கட்டணத்தைக் குறைத்தது, விமானம் செய்பவரும் ஓட்டுபவரும் ஒரே குடும்பமாக இருக்கக்கூடாது என்றும் பிரித்தது. இந்த நேரத்தில்தான் டிசி-2-ஐப் போல ஒன்றரை மடங்கு பேரை ஏற்றிக்கொண்டு, செலவு அந்த அளவுக்கு ஏறாத ஒரு விமானம் வந்தது. பயணிகளை மட்டும் ஏற்றியே லாபம் காட்டிய முதல் விமானம் இதுதான் என்று ஸ்மித் பின்னாளில் சொன்னார். டிசி-3-க்குப் பட்டம் தர வேண்டுமென்றால் நான் இதைத்தான் தருவேன்.

போர் வந்த பிறகு கணக்கு தலைகீழானது. பயணிகளுக்கென்று கட்டப்பட்ட டிசி-3-கள் 607. ராணுவத்துக்காகச் செய்யப்பட்டவையோ பத்தாயிரம் அளவில். பெரிய சரக்குக் கதவும் பலப்படுத்திய தரையும் கொண்ட சி-47 அவற்றில் பிரதானம். போர் முடிந்ததும் இவை மலிவு விலைக்கு வந்தன. 1946-இல் டாடா ஏர்லைன்ஸ் ஏர் இந்தியா ஆனபோது அதன் முதுகெலும்பு டகோட்டாக்கள்தாம். ஏர் சிலோனின் முதல் பயணமும் டகோட்டாவில்தான்: 1947 டிசம்பரில் இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்கு. 1949-இல் தொடங்கிய இரவுத் தபால் சேவையில் டெல்லி, பம்பாய், கல்கத்தா, சென்னை நான்கிலிருந்தும் விமானங்கள் நள்ளிரவில் நாக்பூரில் கூடி, மூட்டைகளையும் பயணிகளையும் மாற்றிக்கொண்டு திரும்பின.

அந்தக் காலத்து விமானப் பயணம் ராஜ போகம் என்பது விளம்பரப் படங்கள் விதைத்த நம்பிக்கை. அறையில் காற்றழுத்தம் சீராக்கும் ஏற்பாடு கிடையாது. அதனால் பெரும்பாலும் பத்தாயிரம் அடிக்குக் கீழேயே, மழை மேகத்துக்குள்ளும் வெயில் கிளப்பும் காற்றுக் குலுக்கலுக்குள்ளும் பறந்தாக வேண்டும். வாந்தி சகஜம். எஞ்சின் இரைச்சலில் பக்கத்து இருக்கைக்காரரிடம் கத்திப் பேச வேண்டும். வால் சக்கரம் தாழ்ந்திருப்பதால் நிறுத்திய விமானத்துக்குள் மேடேறித்தான் இருக்கைக்குப் போக வேண்டும். அமெரிக்காவின் ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு, எரிபொருளுக்காக இறங்கி இறங்கி, 15 மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று.

டகோட்டாவை அழிக்க முடியாது என்பதில் மட்டும் பாதி உண்மை உண்டு. 1941-இல் சீனாவில் ஜப்பானியக் குண்டுவீச்சில் ஒரு டிசி-3 தன் வலது இறக்கையை இழந்தது. மாற்று இறக்கை கிடைக்கவில்லை. கையிலிருந்த டிசி-2 இறக்கை ஐந்தடி குட்டை. அதையே இன்னொரு விமானத்தின் வயிற்றில் கட்டிக் கொண்டுவந்து பொருத்தினார்கள். ஒரு பக்கம் குட்டையான அந்த விமானம் பத்திரமாகப் பறந்து போனது. டிசி இரண்டரை என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். கட்டுக்கதை போல இருந்தாலும் நடந்ததுதான். நீண்ட ஆயுளுக்குக் காரணமும் தெளிவானது: விமான வடிவமைப்பாளர் ஜாக் நார்த்ராப்பின் யோசனையில் பல அறைகளாகப் பிரித்துக் கட்டிய இறக்கையில் சுமை ஒரே இடத்தில் குவிவதில்லை. அழுத்தமேற்றாத உடல் என்பதால், ஒவ்வொரு பயணத்திலும் ஊதிச் சுருங்கி உலோகம் களைத்துப்போகும் தொல்லையும் இல்லை.

ஆனால் மலைக்கு எதிரே எந்த இறக்கை நிற்கும்? 1942 ஜனவரியில் நடிகை கரோல் லொம்பார்ட் சென்ற டிசி-3 லாஸ் வேகாஸ் அருகே மலையில் மோதி 22 பேரும் இறந்தார்கள். 1950 டிசம்பரில் ஏர் இந்தியாவின் டகோட்டா ஒன்று வழி தவறி நம் கோத்தகிரி அருகே மலையில் மோதியது. அதிலும் ஒருவரும் பிழைக்கவில்லை. விமானத்தின் உறுதியைப் பயணியின் பாதுகாப்பென்று குழப்பிக்கொள்வதால் வருவதே டகோட்டாவை அழிக்க முடியாது என்ற நம்பிக்கை.

கடைசியாக, அண்மையில் கிளம்பிய ஒன்று. இந்திய விமானப்படையில் 2018-இல் சேர்ந்த ‘பரசுராமா’தான் காஷ்மீர் போரின் தொடக்கத்தில், 1947 அக்டோபர் 27 அன்று ஸ்ரீநகரில் வீரர்களை இறக்கிய டகோட்டா என்று பலர் பகிர்கிறார்கள். அது 2011-இல் அயர்லாந்தில் பழைய இரும்பாகக் கிடந்தபோது வாங்கப்பட்டு, பிரிட்டனில் புதுப்பிக்கப்பட்டு, விமானப்படைக்கு அன்பளிப்பாக வந்த வேறு விமானம். ஸ்ரீநகரில் இறங்கியதன் எண்ணான விபி 905-ஐ அதற்கு மரியாதைக்காகத் தீட்டியிருக்கிறார்கள்.