ஏசி ஃபில்டர்: தேர்வும் பராமரிப்பும் – முழுமையான வழிகாட்டி

ஏசி போட்டு அரை மணி நேரம் ஆகியும் அறை குளிரவில்லையா? ‘கேஸ் போய்விட்டது’ என்று முடிவுகட்டி மெக்கானிக்கைக் கூப்பிடும் முன், முன்மூடியைத் திறந்து பாருங்கள். தூசி அப்பிய ஃபில்டரே காரணமாக இருக்கலாம். அதைச் சரிசெய்யப் பத்து நிமிட வேலை போதும்.

ஃபில்டர் என்ன செய்கிறது?

வீடுகளில் உள்ள ஸ்பிளிட் ஏசி பொதுவாக வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை. அறைக்காற்றையே இழுத்து, குளிர்ந்த காயில் வழியே செலுத்தித் திருப்பி அனுப்புகிறது. காயிலுக்கு முன்னால் இருக்கும் வலைதான் ஃபில்டர். முடி, பஞ்சு, பெருந்தூசி ஆகியவற்றை அது தடுக்கும். வலை அடைத்துக்கொண்டால் காற்றோட்டம் குறையும், குளிர்ச்சி குறையும், மின்செலவு ஏறும். காயிலில் பனி படிந்து, உருகும்போது சுவரில் நீர் வழியவும் கூடும்.

எதைத் தேர்ந்தெடுப்பது?

சாதாரண வலை: எல்லா ஏசியிலும் வரும். கழுவிக் கழுவிப் பல ஆண்டுகள் பயன்படுத்தலாம். கிழிந்தால், மாடல் எண்ணைச் சொல்லி அதே அளவில் வாங்குங்கள்.

கார்பன் ஃபில்டர்: சமையல் வாடை, புகை வாடையைக் குறைக்கும். பெரும்பாலும் கழுவ முடியாது. தயாரிப்பாளர் சொல்லும் காலத்தில் மாற்ற வேண்டும்.

ஹெபா ஃபில்டர்: 0.3 மைக்ரான் துகள்களில் 99.97 சதவீதத்தைப் பிடிக்கும். ஆனால், அவ்வளவு நெருக்கமான தாள் வழியே காற்றைத் தள்ளும் வலு சாதாரண ஸ்பிளிட் ஏசிக்குக் கிடையாது. வீட்டில் ஆஸ்துமா உள்ளவர் இருந்தால் தனி ஏர் ப்யூரிஃபையர் வாங்குவதே முறை. ஏசி வலைமேல் கூடுதல் தாள் ஒட்டாதீர்கள். இயந்திரத்துக்கு மூச்சு முட்டும்.

கழுவும் முறை

1. ஏசியை நிறுத்தி, மெயின் சுவிட்சையும் அணையுங்கள்.

2. முன்மூடியை இரு பக்கமும் பிடித்து மேலே தூக்குங்கள். வலையைச் சற்று உயர்த்தி, கீழ்நோக்கி இழுத்தால் கழன்றுவரும்.

3. தூசியைத் தட்டுங்கள். பிறகு தூசி படியாத பின்பக்கத்திலிருந்து குழாய்நீரைப் பாய்ச்சுங்கள். தூசி வந்த வழியே வெளியேறும்.

4. எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் பாத்திரம் துலக்கும் திரவத்தைச் சில துளி சேர்த்து, மென்மையான பிரஷால் தேயுங்கள். வெந்நீர் வேண்டாம், வலை வளைந்துவிடும்.

5. நிழலில் நன்றாகக் காயவிட்டு மாட்டுங்கள். ஈரம் இருந்தால் பூஞ்சை வாடை வரும்.

எவ்வளவு நாளுக்கு ஒருமுறை?

தினமும் ஏசி ஓடினால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழுவுங்கள். சாலையோர வீடு, செல்லப்பிராணி, தினசரி சாம்பிராணிப் புகை என்றால் வாரம் ஒருமுறை. காயிலைக் கழுவும் சர்வீஸை ஆண்டுக்கு ஒருமுறையாவது, கோடைக்கு முன்பே செய்துவிடுங்கள்.

நாள் நினைவில்லையா? வலையை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடியுங்கள். வெளிச்சம் தாராளமாக வந்தால் காற்றும் வரும். மங்கினால் அன்றே கழுவிவிடுங்கள்.