ஆட்டுக்குட்டிக்குச் சீம்பால்

நம்ம பள்ளியில் நிறைய பேர் வீட்டில் வெள்ளாடு இருக்கிறது. அதனால் குட்டி பிறந்த அன்றைக்கு என்ன செய்ய வேண்டும் என்று எழுதுகிறேன்.

வெள்ளாட்டுக்குச் சினைக்காலம் சுமார் 150 நாள். நாள் நெருங்கினால் மடி பெருக்கும், ஆடு தனியாகப் போய் நிற்கும், காலால் தரையைச் சுரண்டும். அன்றைக்கு மேய்ச்சலுக்கு ஓட்டக் கூடாது. ஈரம் இல்லாத இடத்தில் வைக்கோல் பரப்பிக் கட்ட வேண்டும்.

குட்டி விழுந்ததும் மூக்கு, வாயில் உள்ள சளியைத் துணியால் துடைக்க வேண்டும். தாய் நக்கினால் தடுக்காதீர்கள். தொப்புள்கொடியை இரண்டு விரல் அளவு விட்டு நூலால் கட்டி, அதற்குக் கீழே புது பிளேடால் வெட்டி, டிஞ்சர் அயோடின் தடவ வேண்டும்.

அடுத்தது சீம்பால். இதில்தான் எங்கள் வீட்டில் தப்பு செய்தோம்.

போன ஐப்பசியில் எங்கள் கருப்பி ராத்திரி இரண்டு குட்டி போட்டது. நல்ல மழை. "நஞ்சு விழாம பால் குடிக்க விடக் கூடாது" என்று அப்பத்தா சொன்னாங்க. நாங்களும் குட்டிகளைக் கூடை போட்டு மூடி வைத்துவிட்டோம். விடிகாலையில்தான் நஞ்சு விழுந்தது. கிடாக்குட்டி எழுந்து குடித்தது. பெட்டைக்குட்டிக்கு வாய் சில்லென்று இருந்தது, சப்பவே தெம்பு இல்லை. மதியம் செத்துப்போச்சு. நான் அன்றைக்குப் பள்ளிக்கு வரவில்லை.

பிறகு கால்நடை டாக்டரிடம் கேட்டேன். தாய் வயிற்றில் இருக்கும்போது ஆட்டுக்குட்டிக்கு நோய் எதிர்ப்புச் சக்தி வருவதில்லையாம். சீம்பாலில்தான் அது வருகிறது. குட்டியின் குடல் அதை முதல் நாள் மட்டுமே அப்படியே உறிஞ்சும். மணி ஆக ஆக அந்தத் திறன் குறையும். அதனால் ஒரு மணி நேரத்துக்குள் குடிக்க வைக்க வேண்டும். 2 கிலோ குட்டி என்றால் முதல் நாளில் 200 மில்லியாவது, நாலைந்து தடவையாகக் கொடுக்கணும்.

முதலில் மடியை வெந்நீரில் துடைத்து, காம்பில் இரண்டு பீச்சு பீச்சி விட்டுவிட்டுக் குட்டியை விடுங்கள். சப்பத் தெரியாத குட்டிக்குப் பாலைக் கறந்து பாட்டிலில் கொடுக்கலாம். படுக்க வைத்து ஊற்றினால் புரை ஏறி நுரையீரலுக்குப் போய்விடும். உடம்பு சில்லிட்ட குட்டியை முதலில் சாக்கால் தேய்த்துச் சூடு பண்ண வேண்டும்.

நஞ்சு விஷயம் நாம் நினைப்பதற்கு நேர் எதிர். குட்டி காம்பைச் சப்பும்போது தாயின் கர்ப்பப்பை சுருங்கும், நஞ்சும் சீக்கிரம் விழும். 12 மணி நேரம் ஆகியும் விழவில்லை என்றால் டாக்டரைக் கூப்பிட வேண்டும். கையால் பிடித்து இழுக்கவே கூடாது. நஞ்சு விழுந்ததும் நாய் தூக்காமல் குழி தோண்டிப் புதைத்துவிடுங்கள்.

பங்குனியில் எங்கள் இன்னொரு ஆடு குட்டி போட்டது. உடனே நான் குட்டியைத் தூக்கி மடியில் விட்டேன். அப்பத்தா ஒன்றும் சொல்லவில்லை, டார்ச் லைட் மட்டும் பிடிச்சாங்க. அந்தக் குட்டி இப்போது வேலி தாண்டிப் பக்கத்து வீட்டு முருங்கையைக் கடிக்கிறது. அதற்கு நான்தான் திட்டு வாங்குகிறேன்.

– 9 ஆம் வகுப்பு மாணவி