கணக்கிட முடியாததும் எண்ணா?

மெய்யெண் கோட்டின் ஒவ்வொரு புள்ளியும் ஓர் எண் என்பது நாமெல்லாம் கற்ற பாடம். எனக்கு மட்டும் அதில் நெடுநாள் ஐயம் இருந்தது.

'பை' முடிவில்லாத தசமம்தான். ஆயினும் அதன் ஆயிரமாவது இலக்கம் வேண்டுமென்றால் கண்டறிய வழிமுறை உண்டு. இவ்வாறு எந்த இலக்கத்தையும் கண்டுதரும் வழிமுறை உடையவற்றையே 1936-இல் ஆலன் டூரிங் கணக்கிடத்தக்க எண்கள் என்றார். வழிமுறையாவது எழுத்துகளாலான ஒரு நிரல். நிரல்களை ஒன்று, இரண்டு என வரிசைப்படுத்திவிடலாம். மெய்யெண்களை அவ்வாறு வரிசைப்படுத்த இயலாது என்று கான்டர் 1874-இலேயே நிறுவிவிட்டார். ஆகவே மெய்யெண்களில் மிகப் பெரும்பாலானவை எந்த வழிமுறைக்கும் அகப்படாதவை. அகப்படாததை எண் என்பானேன்? விலக்கிவிடலாம் என்பதே என் கட்சி.

அக்கட்சியைக் கலைத்தவர் சுவிட்சர்லாந்து நாட்டு எர்னஸ்ட் ஸ்பெக்கர். அவர் 1949-இல் காட்டியதைச் சற்று எளிமையாக்கித் தருகிறேன்.

நிரல்களுள் சில ஓடி முடிந்து நிற்கும். சில நில்லாமல் ஓடும். அவற்றுக்கு 1, 2, 3 என எண்ணிடுங்கள். முதற்கட்டத்தில் முதல் நிரலை ஒரு படி, இரண்டாங்கட்டத்தில் முதலிரு நிரல்களை இரண்டு படிகள், நூறாங்கட்டத்தில் முதல் நூறு நிரல்களை நூறு படிகள் என இயக்குங்கள். முதல் நிரல் நின்றிருந்தால் 1/2, இரண்டாவது நின்றிருந்தால் 1/4, மூன்றாவதற்கு 1/8 என்று கூட்டுங்கள். ஒவ்வொரு கட்டத்துத் தொகையும் சாதாரணப் பின்னமே. பொறுமை இருந்தால் கையாலேயே போடலாம். அது ஒருபோதும் குறையாது, 1-ஐத் தாண்டாது.

இதன் எல்லையை வேண்டிய அளவு நுட்பமாகக் கணக்கிட முடியும் என்று கொள்வோம். பத்தாவது நிரல் என்றேனும் நிற்குமா? தொகைக்கும் எல்லைக்கும் உள்ள இடைவெளி 1/1024-க்கும் குறையும்வரை காத்திருப்போம். அதுவரை நில்லாத பத்தாவது நிரல் பின்னர் நின்றால், தொகையில் 1/1024 கூடி எல்லையைத் தாண்டிவிடும். ஆதலால் அது இனி நிற்காது. இப்படி எந்த நிரலின் கதியையும் சொல்லிவிடலாம்! அத்தகைய பொதுவழி இருக்க முடியாது என்பதோ டூரிங் ஆய்விலிருந்து பெறப்படும் முடிபு. எனவே அந்த எல்லை கணக்கிட முடியாதது.

இங்கேதான் எனக்கு இடித்தது. வரம்புடைய ஏறு தொடர்முறைக்கு எல்லை உண்டு என்ற தேற்றத்தைத் தேர்வுகளில் எத்தனை முறை எழுதியிருக்கிறோம்! என் கட்சிப்படி அந்தத் தேற்றமே வீழ்கிறது. ருஷ்யாவில் இளைய மார்க்கோவின் வழிவந்தோர் அந்த விலையைக் கொடுத்தே பகுப்பாய்வு செய்தனர். எனக்கு அத்துணிவில்லை. கையால் போடத்தக்க பின்னங்கள் நெருங்கிச் செல்லும் இடத்தை வெற்றிடம் என்று சொல்ல மனம் ஒப்பவில்லை. ஸ்பெக்கரின் எல்லையை எண்ணென்றே ஏற்கிறேன்.

ஆனால் அதையாவது சொற்களால் சுட்ட முடிகிறது. எந்தச் சொற்றொடருக்கும் எட்டாமல் கோட்டை நிறைத்துக் கிடப்பவை எண்களா என்று என்னைக் கேட்டால், இன்றும் விடை கூறத் தயங்குகிறேன்.