கடற்குதிரைத் தொட்டியிற் சேர்க்கத்தக்க முள்ளந்தண்டிலிகள்

நெல் வயலிற் காணும் பூச்சிகள் யாவும் பயிருக்குப் பகையல்ல என்பதைக் கமக்காரர் நன்கறிவர். கபிலத் தத்தி பயிரின் சாற்றை உறிஞ்சும். அத்தத்தியைச் சிலந்தி பிடித்துண்ணும். இரண்டும் ஒரே தூரில் இருப்பினும் ஒன்று பகை, மற்றது துணை. வீட்டிற் கடல்நீர்த் தொட்டி அமைத்துக் கடற்குதிரை வளர்க்க விரும்புவோர் இப்பாகுபாட்டையே அங்கும் கையாளுதல் வேண்டும். தொட்டியின் பாசியையும் எஞ்சிய இரையையும் அகற்றுவதற்காக நத்தை, இறால், நண்டு முதலியவற்றைச் சேர்ப்பது வழக்கம். அவற்றுட் சில கடற்குதிரையின் உயிருக்கே உலை வைப்பவை.

மன்னார் வளைகுடாவிலும் பாக்கு விரிகுடாவிலும் கடற்புல் அடர்ந்த ஆழங்குறைந்த இடங்களிற் கடற்குதிரைகள் வாழ்கின்றன. வேறு மீனுக்கு இட்ட வலையிற் சிக்கி அவை கரைக்கு வருவதுமுண்டு. உறவினர் கொண்டுவந்து தந்தார் என்று அவற்றைத் தொட்டியில் இடுதல் நன்றன்று. கடலிற் பிடிபட்டவை உறைந்த இரையை எளிதில் ஏற்பதில்லை; பெரும்பாலும் பட்டினியால் மெலிந்து மடியும். உயிருடன் இருப்பின் கடற்புல் உள்ள இடத்திலேயே உடன் விட்டுவிடுதல் வேண்டும். இந்தியாவில் 2001 ஆம் ஆண்டு முதல் கடற்குதிரை பிடித்தல் தடை செய்யப்பட்டுள்ளது. அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வாணிபம் பற்றிய உடன்படிக்கையின் கட்டுப்பாடு 2004 ஆம் ஆண்டு முதல் இவற்றின் எல்லா இனங்களுக்கும் நடைமுறையில் உள்ளது. ஆகையால் தொட்டியிற் பிறந்து, உறைந்த இரைக்குப் பழகிய குஞ்சுகளையே தேடுங்கள். வாங்கும் முன்னர் கடற்றொழில் நீரியல் வளத் திணைக்களத்தின் மாவட்ட அலுவலகத்தில் அனுமதி பற்றிக் கேட்டறியுங்கள்.

இனி, கடற்குதிரையின் இயல்பை நோக்குவோம். அதற்குப் பல் இல்லை, இரைப்பையும் இல்லை. குழல் போன்ற வாயால் சிற்றிறால்களை உறிஞ்சி விழுங்கும். விழுங்கியது விரைவிற் கழிந்துவிடுவதால் நாளொன்றுக்கு 2 அல்லது 3 முறை இரையிடல் வேண்டும். நீந்துவதில் மிக மந்தமானது. துரத்தினால் ஓடாது, கடித்தால் திருப்பிக் கடிக்காது. அதன் ஒரே பாதுகாப்பு, வாலால் எதையேனும் பற்றிக்கொண்டு அசையாது நிற்பதே. எது அருகில் இருப்பினும் அதையே பற்றும். பற்றப்படுவது புல்லா, நண்டின் கொடுக்கா என்று அது ஆராய்வதில்லை. எனவே கொட்டாதது, கிள்ளாதது, இரையைப் பறிக்காதது எதுவோ அதுவே அதற்கு ஏற்ற துணையாகும்.

இவற்றுள் நத்தையே தலையாயது. கண்ணாடியிலும் கல்லிலும் படியும் பாசியை மேயும் சிறு நத்தைகள் கடற்குதிரைக்கு எவ்விதத் தீங்கும் செய்வதில்லை. கரையோரத்தில் ஊரி என வழங்கும் நீண்ட கூம்பு வடிவச் சிறுநத்தைகளும் இவ்வகைப் பணிக்கு உகந்தவை. மணலுட் புதைந்திருந்து, எஞ்சிய இரையின் மணம் எழுந்ததும் மூக்குக்குழலை நீட்டிக்கொண்டு வெளிவரும் ஒருவகை நத்தையும் உண்டு. கடற்குதிரைத் தொட்டிக்கு இதனினும் பயனுள்ள விலங்கு வேறில்லை என்பது எமது கருத்து. கடற்குதிரை மெதுவாக உண்பது. விட்டுவைக்கும் இரையோ அதிகம். அவ்விரை அழுகின் நீர் நஞ்சாகும். ஆயினும் நத்தை மிகைப்படலாகாது. பாசி தீர்ந்தபின் அவை பசியால் இறந்தால், தூய்மை செய்ய வந்தவையே நீரைக் கெடுக்கும். 100 லீற்றர்த் தொட்டிக்கு 5 அல்லது 6 நத்தைகளுடன் தொடங்கிப் பாசியின் அளவைப் பார்த்துக் கூட்டுக.

நத்தை யாவும் சாதுவென்று எண்ணிவிடவும் வேண்டாம். சங்கு ஊன் உண்பது, தொட்டிக்கு ஆகாது. அழகிய கோலமிட்ட கூம்புச் சங்குகள் நச்சு ஊசியால் இரையைக் குத்துவன. அவற்றுட் சில மனிதரையும் கொல்ல வல்லவை. கரையிற் கண்டால் உயிருள்ளதை வெறுங்கையாற் பொறுக்கற்க; சிறுவருக்கும் இதனைச் சொல்லிவையுங்கள்.

இறாலைப் பொறுத்தவரை, தோழனா இரையா என்பதை அதன் பருமனே முடிவு செய்யும். கூனி இறால் போன்ற சிறியவை கடற்குதிரையின் வாய்க்குள் அடங்குமாதலின் அவை உணவு. மீனின் உடலிலுள்ள ஒட்டுண்ணிகளைப் பொறுக்கும் துப்புரவு இறால் சேர்க்கத்தக்கது. எனினும் இரையைப் பாய்ந்து பறிக்கும் பழக்கம் அதற்கு உண்டு. கடற்குதிரைக்கு ஒரு கிண்ணத்தில் இரையிட்டு, இறாலுக்கு மறுமூலையிற் சிறிது தனியே இடின் இத்தொல்லை குறையும். நீண்ட கொடுக்கும் சிவப்பு வெள்ளைப் பட்டைகளும் உடைய இறாலை எவ்வளவு அழகாயினும் தவிர்த்துவிடுக.

நண்டு வேண்டாம். சங்கின் ஓட்டிற் குடியிருக்கும் துறவி நண்டுகளுள் மிகச் சிறியவற்றைச் சிலர் சேர்ப்பதுண்டு. அவையும் வளர்ந்தபின் ஓட்டுக்காக நத்தைகளைக் கொல்லும்.

கடற்சாமந்தி, சொறி இனங்கள், கொட்டும் பவளங்கள் ஆகியவற்றின் நச்சிழைகள் கடற்குதிரையின் மெல்லிய தோலைப் புண்ணாக்கும். புண்ணில் நுண்கிருமி தொற்றும். வெப்பம் மிகுந்த நீரில் அத்தொற்று விரைந்து பரவும். வால் பற்றுவதற்குப் பவளம் தேடிக் கடலுக்குச் செல்ல வேண்டியதில்லை. உயிர்ப்பவளத்தை எடுப்பது சட்டப்படி குற்றமுமாகும். நன்கு கழுவிய நைலோன் கயிறும் பிளாத்திக்குச் செடியும் போதும்.

எமது கரைக்கே உரிய இரண்டு விலங்குகளைப் பற்றித் தனியே கூறுதல் வேண்டும். கடலட்டை சாதுவாகத் தோன்றும். மணலையும் துப்புரவு செய்யும். ஆனால் பல கடலட்டைகளின் உடலில் மீனைக் கொல்லும் நஞ்சு உண்டு. நீரிறைக்கும் பம்பியில் அகப்பட்டோ வேறு காரணத்தாலோ அது சிதைந்தால் தொட்டி முழுதும் ஒரே இரவில் அழியலாம். முத்துச்சிப்பி நீரில் மிதக்கும் நுண்ணுயிர்களை வடித்துண்பது. சிலாவத்துறை, அரிப்புக் கடலிலுள்ள பார்களில் அதற்கு உணவு வந்துகொண்டேயிருக்கும். கண்ணாடித் தொட்டியில் அது பட்டினி கிடந்து இறந்து நாறும்.

கமக்காரர் சிறப்பாகக் கவனிக்க வேண்டியது பீடைநாசினி. இறாலும் பூச்சியும் ஒரே பெருங்குலத்தைச் சேர்ந்தவை. பூச்சியைக் கொல்லும் மருந்து இறாலையும் கொல்லும். கத்தரிக்கும் மிளகாய்க்கும் தெளிக்கும் பைரெத்திரொயிட்டு மருந்துகள் மீனுக்கும் பெருங்கேடு. போர்டோக் கலவை போன்ற செம்பு கலந்த பூஞ்சணநாசினி மிகச் சிறிதளவிலேயே நத்தையையும் இறாலையும் அழிக்கும். மீன் நோய்க்கு விற்கும் செம்பு மருந்தும் அவ்வாறே. மருந்து தெளித்த கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவிய பின்பும் அன்று தொட்டிக்குள் இடாதிருப்பது நன்று. தெளிகருவி கழுவிய வாளியைத் தொட்டி வேலைக்கு ஒருபோதும் எடுக்கலாகாது. காலபோக மழையின்போது அருவியாறு கடலொடு சேரும் பகுதியில் நீர் மொள்ளுதலும் தகாது. அப்போது அந்நீரில் உப்புக் குறைந்திருக்கும், வயலின் கழிவும் கலந்திருக்கும்.

ஒரு சோடிக்கு 100 லீற்றருக்கு மேற்பட்ட கொள்ளளவும் ஒன்றரை அடிக்குக் குறையாத உயரமும் உடைய தொட்டி தேவை. முதலில் நத்தைகளை விட்டு, அமோனியாவும் நைத்திரைற்றும் இல்லாத நிலை வந்தபின்பே கடற்குதிரையைச் சேர்க்க வேண்டும். புதிதாக வாங்கும் எவ்விலங்கையும் வேறு பாத்திரத்தில் 4 வாரம் வைத்துப் பாருங்கள். தொட்டி நீரைச் சொட்டுச் சொட்டாகக் கலந்து, உப்பின் அளவுக்குப் பழக்கிய பின்னரே இடம் மாற்றுங்கள். கல்லின் பொந்துகளிற் சிறுநண்டும், முள்மயிர்ப் புழுவும், கொடுக்கால் அடித்து இரைகொல்லும் இறாலினமும் ஒளிந்து வருவதுண்டு. பகலில் அவை தலைகாட்டா. விளக்கணைத்து ஒரு மணி நேரத்தின் பின் கைவிளக்குடன் சென்று பாருங்கள். காண்பின், கடற்குதிரையை விடும் முன்னரே அக்கல்லை வெளியே எடுத்துவிடுங்கள்.