உயர்த்திய வண்டியும் சுழல் தண்டும்

மலைப்பாதையில் ஏறும் ஜீப்பையும் பிக்கப்பையும் உயர்த்திக் கட்டும் வழக்கம் நம் நாட்டில் பெருகியிருக்கிறது. பட்டைகளை மாற்றிப் பெரிய சக்கரங்களைப் பூட்டினால் வண்டி கம்பீரமாகத் தோன்றுகிறது. கல்லிலும் பள்ளத்திலும் அடி இடிபடாமல் செல்கிறது. ஆனால் அதே வேளையில், வண்டியின் அடியில் ஒரு தண்டின் நீளமும் சாய்வும் மாறிவிடுகின்றன. அந்த மாற்றத்தை எவ்வாறு அளப்பது, அளக்காவிட்டால் என்ன நேரும் என்பவற்றை இக்கட்டுரையில் காண்போம். இதற்கு வேண்டிய கணிதம் பெரிதன்று. பள்ளியில் படித்த பிதாகரஸ் தேற்றமே போதும்.

தேனி மாவட்டத்தைச் சேர்ந்த எனக்கு ஜீப் புதிதன்று. எங்கள் மாவட்டத்துக் கொழுக்குமலைத் தோட்டத்துக்குக் கேரளத்துச் சூரியநெல்லியிலிருந்து கரடுமுரடான பாதையில் ஏறுபவை ஜீப்களே. 1945-இல் தோன்றிய மகிந்திரா நிறுவனம், அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் வில்லிஸ் ஜீப்பின் பாகங்களைத் தருவித்துப் பம்பாயில் பூட்டத் தொடங்கியது. ஆகவே, நம் மலைகளில் ஏறும் ஜீப்பின் கால்வழி இந்நகரத்தோடு சேர்ந்தது எனலாம். இப்போது நான் வசிக்கும் வடாலாவில் லாரி நிலையத்தைச் சுற்றிப் பட்டறைகள் பல உள்ளன. இயற்பியல் வகுப்பில் படித்ததை இரும்பில் காண அங்கே அடிக்கடி போய் நிற்பதுண்டு.

தண்டின் வேலை

எஞ்சினின் சுழற்சி கியர்ப் பெட்டியைக் கடந்து, டிரான்ஸ்பர் கேஸ் என்னும் பங்கீட்டுப் பெட்டிக்கு வருகிறது. அங்கிருந்து ஒரு தண்டு முன் அச்சுக்கும் மற்றொரு தண்டு பின் அச்சுக்கும் செல்கின்றன. பட்டறையில் இதனை 'ஷாப்ட்' என்பார்கள். நாம் சுழல் தண்டு என்போம்.

பெட்டி சட்டத்தோடு இறுகப் பிணைந்தது. அச்சோ பட்டைகளில் தொங்கி, மேலும் கீழும் ஆடுவது. ஆடாத ஒன்றிலிருந்து ஆடுகின்ற ஒன்றுக்குச் சுழற்சியைக் கொண்டுசெல்ல, தண்டுக்கு இரண்டு வசதிகள் வேண்டும். ஒன்று, மடங்கிச் சுழலும் வசதி. இதற்காக இரு முனைகளிலும் சிலுவை வடிவ மூட்டுகள் உள்ளன. பட்டறையில் இதற்குக் 'கிராஸ்' என்று பெயர். பாடநூல்கள் ராபர்ட் ஹூக் (1635–1703) என்ற அறிஞரின் பெயரால் ஹூக் மூட்டு என்கின்றன. மற்றொன்று, நீண்டு சுருங்கும் வசதி. தண்டின் ஒரு பகுதி, நெடுக வெட்டிய பல்வரிகளோடு மற்றொரு பகுதிக்குள் செருகி வழுக்குகிறது. இந்தச் செருகலே நம் பாடத்தின் மையம்.

உயர்வது எது?

வண்டியை உயர்த்தினால் எல்லாம் உயரும் என்று நினைப்பது இயல்பு. உண்மை அதுவன்று. பட்டையை மாற்றும்போது உயர்வது சட்டமும் அதன்மேல் உள்ளவையும் மட்டுமே. அச்சு தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கும் என்பதைச் சக்கரத்தின் ஆரமே தீர்மானிக்கிறது. பட்டையை எவ்வளவு வளைத்தாலும் அச்சு ஓர் அங்குலமும் ஏறாது. ஆகவே தண்டின் மேல்முனை சட்டத்தோடு ஏறுகிறது. கீழ்முனை இருந்த இடத்திலேயே இருக்கிறது. தண்டு நீளத்தான் வேண்டும்.

கணக்கு

எளிய எண்களைக் கொள்வோம். பின் தண்டின் இரு மூட்டு மையங்களுக்கும் இடையே கிடைத்தூரம் 600 மி.மீ.; உயர வேறுபாடு 150 மி.மீ. இவ்விரண்டின் வர்க்கங்களைக் கூட்டி மூலம் காண, தண்டின் நீளம் 618 மி.மீ. வண்டியை 75 மி.மீ. உயர்த்தினால் உயர வேறுபாடு 225 ஆகிறது. நீளம் 641 மி.மீ. அதாவது தண்டு ஏறத்தாழ 22 மி.மீ. நீண்டிருக்கிறது.

செருகலில் முன்பு 75 மி.மீ. உள்ளே இருந்தது என்று வைத்துக்கொண்டால், இப்போது 53 மி.மீ. எஞ்சுகிறது. பாதிக்கு மேல் உள்ளே இருக்கிறதே என்று மனம் ஆறுதல் கொள்ளும். இங்கேதான் பிழை நேர்கிறது. பட்டைகள் முற்றும் இறங்கிச் சக்கரங்கள் இன்னும் 75 மி.மீ. தொங்கினால் உயர வேறுபாடு 300 ஆகும்; நீளம் 671 மி.மீ. செருகலில் எஞ்சுவது 23 மி.மீ. மட்டுமே. உயர்த்துவதற்கு முன், சக்கரங்கள் முழுதும் தொங்கியபோதுதான் தண்டு 641 மி.மீ. நீளத்தை எட்டியது, உயர்த்திய பின்போ வண்டி சும்மா நிற்கும்போதே அந்த நீளம் வந்துவிடுகிறது.

மூன்று நிலைகள்

நிற்கும் வண்டியில் அளவெடுத்து நான் ஏட்டில் குறிப்பதைக் கண்ட திருநெல்வேலி அண்ணாச்சி ஒருவர், "நிக்க வண்டிய அளந்து என்ன செய்யப் போற தம்பி? தொங்க விட்டுல்லா அளக்கணும்" என்றார். அவர் சொன்ன முறையை ஒழுங்குபடுத்தித் தருகிறேன்.

முதல் நிலை, நிற்கும் நிலை. சமதளத்தில், வழக்கமான சுமையோடு வண்டியை நிறுத்தி, ஒரு சிலுவையின் மையத்திலிருந்து மறு சிலுவையின் மையம் வரை அளக்க வேண்டும். செருகல் முடியுமிடத்தில் சுண்ணக்கட்டியால் கோடிட வேண்டும்.

இரண்டாம் நிலை, தொங்கும் நிலை. முன் சக்கரங்களுக்கு அடைகல் வைத்து, சட்டத்தை ஜாக்கியால் தூக்கி, உறுதியான தாங்கிகளின்மேல் நிறுத்த வேண்டும். வெறும் ஜாக்கியை நம்பி வண்டியின் அடியில் புகலாகாது. சக்கரங்கள் முழுதும் தொங்கும்போது கோடு எவ்வளவு நகர்ந்தது என்று பார்க்க வேண்டும். இந்நிலையிலும் பல்வரியின் விட்ட அளவுக்கேனும் செருகல் உள்ளே இருக்க வேண்டும் என்பது பட்டறை வழக்கு. விட்டம் 35 மி.மீ. ஆனால், நம் கணக்கில் வந்த 23 போதாது.

மூன்றாம் நிலை, அமுங்கிய நிலை. அச்சு மேலேறி ரப்பர்த் தடுப்பில் முட்டும்போது தண்டு மிகச் சுருங்குகிறது. அப்போதும் செருகலின் அடியில் 25 மி.மீ. அளவேனும் இடம் மிஞ்ச வேண்டும். இல்லையேல் தண்டு ஒரு கடப்பாரையாகி, பெட்டியின் தாங்கியை இடித்து உடைக்கும்.

கணக்கு இருக்கும்போது அளவை எதற்கு என்று கேட்கலாம். பட்டையில் கட்டிய அச்சு நேராக மேலும் கீழும் செல்வதில்லை. வளைந்த பட்டை தட்டையாகும்போது நீள்கிறது. அதனால் அச்சு சற்று முன்பின்னாகவும் நகர்ந்து, திரும்பவும் செய்கிறது. கணக்கு எச்சரிக்கை தரும், தீர்ப்பு அளவையினுடையது.

சாய்வு

நீளத்தோடு கோணமும் மாறுகிறது. நம் எடுத்துக்காட்டில் 14 பாகை 20.6 பாகையாகிவிட்டது. மடங்கிய ஹூக் மூட்டு சுழற்சியைச் சீராகக் கடத்துவதில்லை. ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை விரைந்து, இருமுறை தயங்குகிறது. 14 பாகையில் இந்த ஏற்றத்தாழ்வு 3 விழுக்காடு, 20.6 பாகையில், மிகுதி ஏறத்தாழ 7, குறைவு 6 விழுக்காடு. இரு முனைகளின் கோணங்களும் சமமாக, கவைகள் ஒரே வரிசையில் இருந்தால் ஒன்றின் குறையை மற்றொன்று ஈடுசெய்யும். ஆகவே தண்டைக் கழற்றுமுன் இரு பகுதிகளிலும் அடையாளமிடுவது கட்டாயம். ஒரு பல் மாறிச் செருகினாலும் வண்டி நடுங்கும்.

அளக்காவிட்டால்

பழைய வில்லிஸ் ஜீப்களில் கைபிரேக் சக்கரங்களில் இல்லை. பங்கீட்டுப் பெட்டியின் பின்முனையில், சுழல் தண்டின்மேல் இருக்கிறது. இரு சக்கர இயக்கத்தில் இறங்கும்போது அந்தத் தண்டு கழன்றால், எஞ்சினின் தடையும் கைபிரேக்கும் ஒருங்கே போய்விடும். காலால் மிதிக்கும் பிரேக் ஒன்றே எஞ்சும். கழன்ற முன்முனை தரையில் குத்தினால் ஆபத்து இரட்டிப்பாகும். கொண்டையூசி வளைவில் எட்டுப் பேரை ஏற்றிச் செல்லும் ஓட்டுநருக்கு அந்த 23 மி.மீ. உயிர் அளவு.

பரிகாரம்

குறை தெரிந்தால், தண்டை வெட்டிக் குழாயை நீட்டி ஒட்டலாம். அல்லது நீண்ட செருகல் கொண்ட தண்டை இடலாம். ஒட்டிய தண்டைச் சமனிலைப் பொறியில் சுழற்றிப் பார்க்காமல் பூட்டலாகாது. நிற்கும் நிலையில் பழைய செருகல் அளவே வருமாறு 22 மி.மீ. கூட்டுவது நல்ல தொடக்கம். பின் மூன்று நிலைகளிலும் மறுபடி அளக்க வேண்டும். கோணம் மிகுந்தால், பட்டைக்கும் அச்சுக்கும் இடையே ஆப்பு வைத்து அச்சைத் திருப்பலாம். அல்லது பெட்டியின் பக்கம் இரட்டைச் சிலுவை மூட்டு இடலாம். செலவைக் குறைக்கும் வழி, குறைவாக உயர்த்துவதே.

சட்டமும் ஒன்று உண்டு. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றிலுள்ள விவரங்கள் உற்பத்தியாளர் குறித்தவற்றிலிருந்து மாறும்படி வண்டியைத் திருத்துவதைத் தடுக்கிறது. பட்டறைக்குப் போகுமுன் இதனையும் விசாரித்துக்கொள்வது நலம்.

பயிற்சி

முன் தண்டின் கிடைத்தூரம் 900 மி.மீ.; உயர வேறுபாடு முன்போலவே 150. வண்டியை 75 மி.மீ. உயர்த்தினால் தண்டு எவ்வளவு நீளும்? விடை ஏறத்தாழ 15 மி.மீ. பின் தண்டோ 22 மி.மீ. நீண்டது. நீளம் குறைந்த தண்டே மிகுதியாக நீள்கிறது. ஆதலால் உங்கள் ஊரில் யாரேனும் ஜீப்பை உயர்த்தினால், இரண்டில் குட்டையான தண்டை முதலில் தொங்கவிட்டு அளக்கச் சொல்லுங்கள்.