பாடம் 9: மண்ணுக்குள் கறள்

போன ஏப்ரலில் வீட்டுத் தோட்டத்தில் ஓர் அப்பிள் மரம் நட நினைத்தோம். எங்கள் வீடு ஸ்கீவ நகரத்துக்கு வடக்கே, சாலிங் பக்கம். அங்கே மண் எல்லாம் களி; பனிப்பாறைகள் அரைத்து விட்டுப்போன களி. சப்பாத்தில் ஒட்டினால் லேசில் போகாது. மகளும் அப்பப்பாவும் மண்வெட்டியோடு இறங்கினார்கள். நான் படம் எடுத்தேன். (என் வேலை கணினியோடு. நான் மண்வெட்டி பிடித்தால் அப்பப்பா சிரிப்பார்.)

முழங்கால் ஆழம் வந்ததும் மகள் நின்றுவிட்டாள்.

"அப்பப்பா, இங்க பாருங்கோ! மேல மண்ணிறம், கீழ சாம்பல். நடுவில செம்மஞ்சள் புள்ளி புள்ளியா இருக்கு. ஆரும் பெயின்ற் ஊத்தினவையோ?"

"பெயின்ற் இல்லைப் பிள்ளை. அது கறள். சைக்கிள்ல பிடிக்குமே, அதேதான்."

"மண்ணுக்குள்ள சைக்கிளோ?"

சைக்கிள் இல்லை, இரும்பு இருக்கிறது. காற்றுப் படுகிற மண்ணில் அந்த இரும்பு கறளாக இருக்கும். மண்ணுக்குச் சிவப்பும் மஞ்சளும் கொடுப்பது அதுதான். யாழ்ப்பாணத்துச் செம்மண்ணில் மழைத்தண்ணீர் தேங்காது. கீழே இருக்கும் சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கிவிடும். அதனால் அங்கே கறள் அப்படியே இருக்கிறது.

ஸ்கீவவில் நிலைமை வேறு. குளிர்காலம் முழுக்க எங்கள் களிக்குள் தண்ணீர் நிற்கும். மண்ணில் கண்ணுக்குத் தெரியாத பக்டீரியாக்கள் கோடிக்கணக்கில் வாழ்கின்றன. அவற்றில் பலவற்றுக்கு எங்களைப்போல ஒட்சிசன் வேண்டும். தண்ணீர் நிரம்பி ஒட்சிசன் முடிந்துவிட்டால், வேறு சில பக்டீரியாக்கள் ஒட்சிசனுக்குப் பதிலாகக் கறளைப் பயன்படுத்தும்! அப்போது கறள், தண்ணீரில் கரையும் இரும்பாக மாறிவிடும். சிவப்பு நிறம் போய்விடும். மிஞ்சுவது சாம்பல் நிறம்.

கோடையில் தண்ணீர் வடியும். களி காய்ந்து வெடிக்கும். வெடிப்பு வழியாகவும், புழு போன துளை வழியாகவும் காற்று உள்ளே வரும். காற்று வந்த இடத்தில் மட்டும் இரும்பு திரும்பவும் கறளாகும். மகள் கண்ட புள்ளிகள் அவைதான்.

"எங்கட கிளிநொச்சி வயலிலயும் இதுதான்," என்றார் அப்பப்பா. "நெல்லுப் பயிரைப் பிடுங்கிப் பார்த்தா வேர் செம்மஞ்சளா இருக்கும். வயல் மண்ணோ சாம்பல்." நெல், இலையிலிருந்து வேருக்குக் காற்றைக் கொண்டுபோகும். வேரைச் சுற்றி இரும்பு கறளாகப் படியும். அப்பிள் மரத்தால் அப்படிச் செய்ய முடியாது. தண்ணீர் நின்றால் வேர் அழுகும்.

"அப்ப கறள் போகுது, திரும்பி வருது. மண் பழையபடிதானே இருக்கும்?" என்று மகள் கேட்டாள்.

எனக்குப் பதில் தெரியவில்லை. இரவு இருந்து தேடிப் படித்தேன். இல்லை, மண் மாறுகிறது! களியின் மேல் கல்சியம், மக்னீசியம் போன்ற பயிருக்கு வேண்டிய சத்துகள் ஒட்டியிருக்கும். கரைந்த இரும்பு வந்து அவற்றைத் தள்ளிவிட்டு, பஸ்ஸில் சீற் பிடிப்பதுபோல் இடம் பிடிக்கும். தள்ளப்பட்ட சத்துகள் தண்ணீரோடு வடிந்துபோகும். கோடையில் அந்த இரும்பு கறளாகும்போது அமிலம் உண்டாகும். அமிலம் களியையே அரிக்கும். அடுத்த வருடமும் இதே கதை. நெதர்லாந்து மண் ஆராய்ச்சியாளர் பிரிங்க்மன் 1970இல் இதற்கு 'ஃபெரோலிசிஸ்' என்று பெயர் வைத்தார். இது மிக மிக மெதுவாக நடக்கும். மண்ணில் சுண்ணாம்பு இருந்தால் அமிலம் அடங்கும். டென்மார்க் கமக்காரர் வயலுக்குச் சுண்ணாம்பு போடுவது அமிலத்தைக் குறைக்கத்தான்.

கமக்காரர் இன்னொன்றும் செய்தார்கள். 19ஆம் நூற்றாண்டிலிருந்து வயலுக்கு அடியில் சுட்ட களிமண் குழாய்களைப் புதைத்துத் தண்ணீரை வடித்தார்கள். களிக்குள் களிமண் குழாய்! இன்று டென்மார்க்கின் விளைநிலத்தில் ஏறத்தாழப் பாதி இப்படி வடிக்கப்படுகிறது.

ஆனால் ஸ்கியெர்ன் ஆற்றில் நடந்ததைக் கேளுங்கள். அது ஸ்கீவவுக்குத் தெற்கே, காரில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல். 1960களில் தானியம் விதைப்பதற்காக ஆற்றை நேராக்கி, பக்கத்துச் சதுப்பு நிலத்தைக் காயவைத்தார்கள். அந்த மண்ணுக்குள் இரும்பும் கந்தகமும் சேர்ந்த பைரைற்று இருந்தது. தண்ணீருக்குள் அது சும்மா கிடந்தது. காற்றுப் பட்டதும் அமிலமும் கரைந்த இரும்பும் உண்டாகி ஆற்றுக்கு வந்தன. தண்ணீர் செம்மஞ்சளானது. டேனிஷில் அதை 'ஒக்கர்' என்பார்கள். அது மீனின் செவுளில் படிந்தால் மீனால் மூச்சுவிட முடியாது. 1999 முதல் 2002 வரை வேலை செய்து, ஆற்றுக்குத் திரும்பவும் வளைவுகள் கொடுத்து, சுமார் 2,200 ஹெக்டேயர் நிலத்தை ஈரமாக விட்டார்கள். சல்மன் மீன்கள் பெருகின.

"வடிக்காட்டி கமக்காரன் என்ன செய்யிறது? சோறு வேணுமெல்லோ," என்றார் அப்பப்பா.

"மீனுக்கு மூச்சு வேணுமெல்லோ," என்றாள் மகள்.

இரண்டு பேரும் இன்னும் ஒத்துப்போகவில்லை. அப்பிள் மரத்தை மட்டும் மேட்டுப் பக்கமாக நட்டோம்.

செய்து பார்ப்போம்
ஒரு கண்ணாடிப் போத்தலில் செம்மண்ணிறக் களி, ஒரு கரண்டி சீனி, மண்ணை மூடும் அளவு தண்ணீர் போடுங்கள். மூடியை இறுக்க வேண்டாம். சில கிழமைகள் வையுங்கள். நிறம் மாறுகிறதா? (மணக்கும்! வெளியில் வையுங்கள்.) பிறகு மண்ணைத் தட்டில் பரப்பிக் காயவிட்டுப் பாருங்கள்.

புதிய சொற்கள்
களி – ஈரத்தில் ஒட்டும் மண்
கறள் – துரு
கமக்காரர் – விவசாயி
செவுள் – மீன் மூச்சுவிடும் உறுப்பு

கேள்விகள்
1. குளிர்காலத்தில் களி ஏன் சாம்பல் நிறமாகிறது?
2. நெல்லின் வேரைச் சுற்றிக் கறள் படிவது ஏன்?
3. அப்பப்பா சொல்வது சரியா, மகள் சொல்வது சரியா? வீட்டில் தமிழில் கதைத்து, ஐந்து வசனம் எழுதுங்கள்.