பிள்ளையின் துணியில் சோப்பும் தங்கக்கூடாது

பிள்ளை பிறக்கும் வீட்டில் பழைய நூல் சேலையையும் வேட்டியையும் கிழித்து அடுக்கி வைப்பது இன்றும் உண்டு. பட்டன் வைத்த துணி டயப்பரும் இப்போது கூடவே வந்துவிட்டது. எதைக் கட்டினாலும் அழுக்குப் போனால் மட்டும் போதாது. துவைக்கப் போட்ட சோப்பும் முழுதாகப் போக வேண்டும். துணி உறிஞ்சாமல் போவதற்கும் தோல் சிவந்து தடிப்பதற்கும் பல வீடுகளில் அந்தச் சோப்புதான் காரணம்.

செய்ய வேண்டியவை

புதுப் பருத்தித் துணியை மூன்று நான்கு முறை துவைத்துக் காயவைத்த பிறகே கட்டுங்கள். பஞ்சின் இயற்கை மெழுகு போனால்தான் ஈரத்தை இழுக்கும்.

மலத்தைக் கழிவறையில் தட்டிவிட்டு, உடனே பச்சைத் தண்ணீரில் அலசுங்கள். எடுத்ததும் வெந்நீர் ஊற்றினால் கறை இறுகிவிடும். வெந்நீர் அதற்குப் பிறகு, சோப்புத் தூள் போட்டுத் துவைக்கும்போது. டயப்பரின் வெளி உறை எவ்வளவு சூடு தாங்கும் என்று அதன் லேபிளில் பாருங்கள்.

போர் தண்ணீர் வீடுகளில் கூடுதல் கவனம் வேண்டும். அதிலுள்ள கால்சியமும் மெக்னீசியமும் சோப்புக் கட்டியோடு சேர்ந்து பிசுக்காகி இழைக்குள் படிந்துவிடும். காய்ந்ததும் துணி அப்பளமாக விறைப்பது அதனால்தான். கட்டிக்குப் பதில் சோப்புத் தூள் போடுங்கள். சிறிது சலவைச் சோடா சேர்க்கலாம். கடைசி அலசலுக்காவது நல்ல தண்ணீர் ஒரு வாளி ஒதுக்குங்கள். பிழியும் தண்ணீரில் நுரை இருந்தால் இன்னொரு முறை அலச வேண்டும். துவைத்த துணியில் பிள்ளை மூத்திரம் போனவுடனே கண்ணெரியும் நெடி வந்தாலும், உள்ளே ஏதோ தங்கியிருக்கிறது என்று பொருள்.

வெயிலில் உலர்த்துங்கள். தாய்ப்பால் குடிக்கும் பிள்ளையின் மஞ்சள் கறைக்கு அதைவிட நல்ல மருந்து இல்லை. வெளி உறை மட்டும் நிழலில் காயட்டும். மழை நாளில் வெறும் பருத்தித் துணியை இஸ்திரி போடலாம், உறையைக் கூடாது.

செய்யக்கூடாதவை

துணியை மென்மையாக்கும் வாசனைத் திரவம் வேண்டாம். இழையின் மேல் படலமாகப் படிந்து உறிஞ்சவிடாது. கிருமிநாசினியும் தினசரி தேவையில்லை. துத்தநாகக் களிம்பும் அப்படியே துணியில் படியும் என்பதால், அதைத் தடவும் நாட்களில் மெல்லிய பழந்துணியை இடையில் வையுங்கள்.

மூத்திரத் துணியில் பிளீச்சிங் பவுடர் போடாதீர்கள். இரண்டும் சேர்ந்தால் நச்சு வாயு வரும்.

வாளியில் இரவு முழுக்க ஊறப்போடாதீர்கள். நாற்றத்தை விடுங்கள், தவழும் பிள்ளை இருக்கும் வீட்டில் தண்ணீர் வாளி உயிருக்கே ஆபத்து.

எல்லாவற்றையும்விட முக்கியம் அந்துருண்டை. பீரோவில் அந்துருண்டையோடு கிடந்த பாட்டி சேலையை எடுத்துக் கட்டிவிடுகிறோம். அதிலுள்ள நாப்தலீன், ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ள குழந்தைகளின் இரத்தச் சிவப்பணுக்களை உடைத்துவிடும். மஞ்சள் காமாலை முற்றி மூளை வரை பாதிக்கலாம். எந்தப் பிள்ளைக்கு அந்தக் குறை என்று பார்த்துச் சொல்ல முடியாது. எனவே அந்தத் துணி பச்சைப் பிள்ளைக்கு வேண்டாம், போர்த்தவும் வேண்டாம். அடுத்த பிள்ளைக்கென்று எடுத்து வைப்பவர்கள் ஈரம் துளியும் இல்லாமல் காயவைத்து, உலர்ந்த வேப்பிலையை இடையில் போட்டு மடித்து வையுங்கள்.